பவுனம்மாவுக்குத் தொண்டை சரியில்லை

இங்க வாங்க தம்பி, உக்காருங்க. அந்தப் பக்கம் வேணாம், இப்படி வலது கைப்பக்கமா வாங்க. அந்தப் பக்கம் ஃபேன் காத்து அடிச்சு, பேசற பேச்சையெல்லாம் வாரிக்கிட்டுப் போயிடுது. அந்த மாஸ்க்கையும் கொஞ்சம் இறக்கி விட்டுக்குங்களேன். இருமல் இல்லைல்ல? அப்ப இறக்குங்க. மூஞ்சி தெரிஞ்சாத்தான் மனுஷனோட பேசற மாதிரி இருக்கும். இந்த கொரோனா வந்துட்டுப் போனதுலேர்ந்து ஜனங்களுக்குப் பேசறதே மறந்துபோச்சு தம்பி. துணிக்குள்ளயே முனகிட்டுப் போயிடறாங்க. அதோ அந்த நர்ஸம்மாவையே பாருங்க. பேரைக் கூப்பிடறதுதான் அந்தப் பொண்ணுக்கு வேலை. மூக்கு வரைக்கும் மாஸ்க்கை ஏத்திக்கிட்டு வாசப்படியில வந்து நிக்குது, போவுது. கூப்பிடுதா, சும்மா வேடிக்கை பார்க்குதா, யாருக்குத் தெரியும்?

உங்களுக்கு மூக்கா? பார்த்தாலே தெரியுது, வீங்கியிருக்குது. எனக்கு ஒண்ணுமில்ல. வீட்டுக்காரிக்குத்தான். அதோ கதவுகிட்ட கையில மாவுக்கட்டோட நிக்கிறா பாருங்க, அவதான். பவுனம்மா. கையை எலும்பு டாக்டர் பார்த்துட்டார். இங்க வந்தது தொண்டைக்கு. குரல் போயிடுச்சு தம்பி அவளுக்கு. கொஞ்சம் கொஞ்சமாப் போச்சு. முன்னெல்லாம் அவ தெருமுனையில கீரைக்காரிகிட்ட பேரம் பேசினா எனக்கு உள் ரூம்ல கேக்கும். இப்ப எதிர்ல நின்னு வாயை ஆட்டறா, காத்துதான் வருது.

டாக்டர்கிட்ட காட்டுடி காட்டுடின்னு ஒரு வருஷமா சொல்லிக்கிட்டிருந்தேன். ஒரு முறை முறைச்சுட்டுப் போயிடுவா. போன வாரம்தான் ஒருவழியா வழிக்கு வந்தா. மேகலான்னு எங்க பொண்ணு, ஓசூர்ல இருக்குது, அது வந்திருந்தது. நான் ரெண்டு பேரையும் உக்காரவச்சு, "முதல்ல உங்கம்மாவைக் காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகலாம், மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம்"னேன். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பார்த்துக்கிச்சு. அப்புறம் சரி சரின்னு தலையாட்டிச்சு. மறுநாளே மேகலா போனைப் போட்டு இங்க பேர் பதிஞ்சிடுச்சு. சொன்னா கேக்கற பொண்ணுதான். சொல்ற விதமா சொல்லணும், அவ்வளவுதான்.

மத்ததெல்லாம்னா என்னன்னு பார்க்கிறீங்களா? அது பெரிய வயித்தெரிச்சல் தம்பி. இந்த ஞாயித்துக்கிழமை மேகலா வந்து அவங்கம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போகப்போவுதாம், ஓசூருக்கு. ஒரேயடியா. துணிமணியெல்லாம் எடுத்து வச்சாச்சு. நான் தனியா இங்கயே கிடக்கணும். "உங்களோட இருந்தா எனக்குப் பேச ஆளே இல்லை"ங்கிறாளாம் பவுனு. சொன்னது மேகலா, அதையும் போன்ல எழுதிக் காட்டிச்சு. பாருங்க தம்பி, குரல் போனது அவளுக்கு, பேச ஆள் இல்லைன்னு பழி எனக்கு. தொண்டையைச் சரி பண்ணிட்டா அவ போகமாட்டா. அதுக்குத்தான் வந்து உக்காந்திருக்கேன்.

நான் யாரா? போலீஸ். ஸ்டேஷன் போலீஸ் இல்ல, பட்டாலியன். ஹவில்தாராகி ரிட்டயர் ஆனேன். பசங்களுக்குத் துப்பாக்கி சுடச் சொல்லிக்குடுக்கறதுதான் என் வேலை. ஃபயரிங் ரேஞ்சுதான் எனக்கு ஆபீஸ். மலையடிவாரத்துல ஒரு பொட்டல், ஒரு முனையில மண்மேடு, அதுக்கு முன்னால வரிசையா டார்கெட். சர்வீஸ் முழுக்க அந்த வெயில்லயே நின்னேன். என் பேச்சும் அப்படித்தான் இருக்கும், ரேஞ்சுல பேசற மாதிரி. சத்தமாப் பேசறேனோ? பேசினா என்ன, ஆஸ்பத்திரியில யாரும் தூங்கவா வந்திருக்காங்க.

த்ரீ நாட் த்ரீன்னு ஒரு ரைபிள் இருந்தது தம்பி. பழைய காலத்து மரக்கட்டைத் துப்பாக்கி. ஒரு குண்டு சுட்டா, கையால போல்ட்டைப் பின்னால இழுத்து, முன்னால தள்ளினாத்தான் அடுத்த குண்டு ஏறும். எல்லாரும் அதைக் கிழட்டு மாடுன்னு கிண்டல் பண்ணுவாங்க. எனக்கு அதுதான் பிடிக்கும். ஏன்னா, அந்தப் போல்ட்டை இழுக்கற நேரம் இருக்குதே, அதுலதான் மனுஷனுக்குப் புத்தி வரும். மூச்சு நிதானமாகும். முதல் குண்டு எங்க போச்சுன்னு கண்ணு பார்க்கும். எதிர்ல நிக்கிறவன் ஆளா மாடான்னு இன்னொரு தரம் யோசிக்கும். அப்புறம்தான் விரல் போவும்.

அப்புறம் எஸ்.எல்.ஆர்.னு புது ரைபிள் வந்தது. இதுல போல்ட்டை இழுக்கற வேலையே கிடையாது. ட்ரிகரை அமுக்கினா ஒண்ணு போவும், காலித் தோட்டாவைத் தானே வெளிய துப்பிட்டு அடுத்ததைத் தானே ஏத்திக்கும். திரும்ப அமுக்கு, திரும்பப் போவும். அருமையான ஆயுதம், குறை சொல்லமாட்டேன். ஒவ்வொண்ணா நிறுத்தி நிதானமாச் சுட்டா அதைப்போல ஒண்ணு கிடையாது. ஆனா தானே ஏறிக்குதுன்னு தெரிஞ்சதும் பசங்களுக்கு விரல் நிக்கமாட்டேங்குது தம்பி. டபடபடபன்னு மேகசின்ல இருக்கற தோட்டா அத்தனையும் காலி பண்ணிட்டு, என்னமோ சாதிச்ச மாதிரி திரும்பிப் பார்ப்பானுங்க. இந்த வேகத்துக்குப் பேரு ராபிட் ஃபயராம்.

அதுல இருக்கற கேடு என்னன்னு என்னைக் கேளுங்க. முதல் குண்டு டார்கெட்ல போவும். சுட்ட உதையில துப்பாக்கி வாய் மேல தூக்கிக்கும். அதைக் கீழ இறக்கி, மூச்சை அடக்கி, குறி பார்க்கறதுக்குள்ள இவன் அடுத்ததை அமுக்கிடறான். அது டார்கெட்டுக்குத் தலைக்கு மேல போவும். அதுக்கடுத்தது மலைக்குப் போவும். மிச்சமெல்லாம் சாமிக்கு. விரலும் கெட்டுப்போவும், மெதுவா அமுக்கறதை மறந்துட்டு வெடுக்குன்னு இழுக்கப் பழகிடும். ரெண்டு மேகசின் போனா பேரல் அடுப்புல வச்ச தோசைக்கல்லு கணக்கா காயும். அதுலேர்ந்து எழும்பற அனல்ல டார்கெட்டே நெளிஞ்சு நெளிஞ்சு ஆடும். கரி அடைச்சுக்கிட்டுத் துப்பாக்கி நடுவுல நின்னுபோவும். நிஜமாவே ஆபத்துன்னு வரும்போது பார்த்தா மேகசின் காலியா இருக்கும். இத்தனையும் நான் வகுப்புல சொல்லுவேன். இதுல ஒண்ணு விட்டுப்போச்சுன்னு ஒருத்தன் சொல்லமுடியாது. எல்லாக் கேடும் எனக்கு அத்துப்படி.

ஆனா எங்க கமாண்டண்ட் ஐயாவுக்கு ராபிட் ஃபயர்னா உயிர். புதுசா வந்த மனுஷன், நல்ல உயரம், மீசை எல்லாம் இருக்கும். "சத்தம் கேட்டே எதிரி ஓடணும் கோதண்டம்"பார். சத்தம் கேட்டுக் காக்காதான் ஓடும்னு நான் மனசுக்குள்ள சொல்லிக்குவேன். வாயைத் திறந்து சொல்லமுடியுமா? அந்த வருஷம் மெட்ராஸ்லேர்ந்து பெரிய அதிகாரி ஒருத்தர் பட்டாலியனைப் பார்வையிட வர்றார்னு தாக்கீது வந்தது. உடனே இவர் முடிவு பண்ணிட்டார், ஒரு கம்பெனி ஆளுங்களை வரிசையாப் படுக்கவச்சு, எல்லாரும் ஒரே மூச்சுல ராபிட் ஃபயர் பண்ணிக் காட்டணும்னு. எதிர்ல டார்கெட்டுக்குப் பதிலா சுண்ணாம்பு அடிச்ச மண்பானைங்க. பானை தூள் தூளாப் பறக்கறதைப் பெரியவர் பார்க்கணுமாம்.

அந்த சீசன் முழுக்க அதே வேலைதான் தம்பி. காலையில போனா வெயில் ஏறி இறங்கற வரைக்கும் டபடபடப. சுடறவன் சுட்டுட்டு எழுந்து போயிடுவான், அடுத்தவன் வந்து படுப்பான். நான் மட்டும் மாறவே மாட்டேன். வரிசையோடவே, ஒவ்வொருத்தன் தோள்பக்கமும் குனிஞ்சு நின்னு திருத்துவேன். எல்லார் துப்பாக்கிச் சத்தமும் எனக்குத்தான். காதுல பஞ்சு வச்சுக்கலாமான்னு ஒருத்தன் ரெண்டு பேர் கேட்டானுங்க. "பஞ்சு உனக்குக் கடைசியில வீட்ல வைப்பாங்க, மூக்குக்கும் சேர்த்து. அதுவரைக்கும் பொறுத்துக்கோ"ன்னேன். அதுக்கப்புறம் பிணத்துக்கு வைக்கிறதை எவன் கேப்பான்? சிரிச்சுட்டுப் போயிட்டானுங்க. பட்டாலியன் முழுக்க அந்தப் பேச்சு எனக்குப் பேர் வாங்கிக் குடுத்தது.

எத்திராஜ்னு ஒரு கான்ஸ்டபிள் மட்டும் வேற மாதிரி. ஒல்லிப்பிச்சான், சத்தம்னாலே உடம்பு தூக்கிப்போடும். ரேஞ்சுல ஒரு வழக்கம் உண்டு தம்பி. சுட்டு முடிச்சதும் வெளிய விழுந்த காலித் தோட்டாக்களை, எம்ப்டின்னு சொல்லுவோம், அத்தனையும் பொறுக்கி எண்ணிக் குடுக்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் ஒருத்தனும் வீட்டுக்குப் போகமுடியாது. ராபிட் ஃபயர்ல அது கண்ட பக்கம் தெறிச்சு விழும், முள்ளுச்செடியில, கல்லு இடுக்குல. ஒருநாள் காலையில கார்பைன்னு குட்டைத் துப்பாக்கி சுட்டோம், அதுக்குச் சின்ன தோட்டா. அப்புறம் எஸ்.எல்.ஆர். கடைசியில எண்ணினா கார்பைன் எம்ப்டி ரெண்டு குறையுது. கம்பெனியே முட்டி போட்டு நெருஞ்சி முள்ளுக்குள்ள தேடிச்சு. நான் விசில் ஊதறேன், கத்தறேன், திட்டறேன். எல்லாரும் குனிஞ்சு தேடறான், இந்த எத்திராஜ் மட்டும் கோயில்ல நிக்கிற மாதிரி கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறான். நான் கூப்பிடறது அவனுக்கு உறைக்கவே இல்ல. கிட்டப் போய்ப் பார்த்தா, அந்த ரெண்டு எம்ப்டியையும் ரெண்டு காதுல சொருகி வச்சிருக்கான் பாவி. காலையில சொருகினவன், எடுக்க மறந்துட்டான்.

கோபம் வந்துடுச்சு எனக்கு. துப்பாக்கியைத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு ரேஞ்சைச் சுத்தி ஓடவிட்டேன். அவன் சுருண்டு விழற வரைக்கும் ஓடவிட்டேன். கூப்பிட்டா காது கேக்காதவன் போலீஸ்காரனா? எதுக்கு இருக்கான் அவன்? இன்னைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவேன். அதுக்கப்புறம் அவன் எம்ப்டி வைக்கல, பீடித்துண்டைக் கசக்கி உள்ள திணிச்சுக்குவான்னு பேச்சு. நான் கண்டுக்கல.

பெரியவர் வந்தார். பந்தல் போட்டு, நாற்காலி போட்டு, இளநி எல்லாம் குடுத்தாச்சு. கமாண்டண்ட் ஐயா கையைக் காட்டினார். ஒரே இடி தம்பி. பொட்டல் பூரா புகை, மண்ணு, அனல். மலையில பட்டுச் சத்தம் திரும்பி வருது. எல்லாம் அடங்கி, புழுதி கலைஞ்சு பார்த்தா, பானைங்க அப்படியே நிக்குது. ஒண்ணு ரெண்டுல ஓட்டை. ஒண்ணு சாய்ஞ்சிருந்தது, அதுகூட காத்துக்குச் சாய்ஞ்சதோ என்னமோ. பெரியவர் பானையைப் பார்க்கிறார், கமாண்டண்டைப் பார்க்கிறார். இவருக்கு மூஞ்சி செத்துப்போச்சு.

நான் யாரையும் கேக்கல. ஒருத்தன்கிட்டேயிருந்து ரைபிளை வாங்கினேன், படுத்தேன். ஒண்ணு. நிதானமா மூச்சு. ரெண்டு. நிதானமா மூச்சு. ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு பானை. ஒண்ணுகூடத் தப்பல. எழுந்து மண்ணைத் தட்டிக்கிட்டுத் திரும்பினா, பெரியவர் நாற்காலியை விட்டு எழுந்து என்கிட்ட நடந்து வர்றார். அவ்வளவு பெரிய மனுஷன் என் கையைப் பிடிச்சுக் குலுக்கினார் தம்பி. குலுக்கிட்டு ஏதோ கேட்டார். எனக்குக் காது ரெண்டும் கப்புன்னு அடைச்சிருந்தது, இத்தனை சுட்டா அடைக்கத்தானே செய்யும். நல்ல வார்த்தையாத்தான் இருக்கும்னு விறைப்பா நின்னு "யெஸ் சார்"னேன். அவர் இன்னொரு தரம் ஏதோ கேட்டார். இன்னொரு தரம் "யெஸ் சார்"னேன். கமாண்டண்ட் ஐயாவுக்கு மூஞ்சியெல்லாம் சிரிப்பு வந்துடுச்சு. பெரியவர் என்னை ஒரு மாதிரி பார்த்துட்டுப் போயிட்டார்.

அதுக்கு அடுத்த வருஷத்துலேர்ந்து ராபிட் ஃபயர் எங்க பட்டாலியன்ல நிரந்தரமாயிடுச்சு. சொல்லிக்குடுக்கற ஆளு கோதண்டம்தான்னு எழுத்துலயே வந்தது. ரிட்டயர் ஆகற வரைக்கும் அதே டபடபடப. என்ன அநியாயம் பாருங்க. அது கூடாதுன்னு சுட்டுக் காட்டினவன் நான், என் தலையிலயே அதைக் கட்டிட்டாங்க.

இந்த எத்திராஜ் ஒரு கதை சொல்றான். அவன் அன்னைக்குப் பக்கத்துல நின்னானாம். பெரியவர் கேட்டது, "ஒவ்வொண்ணா சுட்டே இவ்வளவு நல்லா வருதே, இந்த ராபிட் ஃபயர் பயிற்சி நிஜமாவே தேவையா? உன் அனுபவத்துல சொல்லு"ன்னாம். நான் யெஸ் சார்னேனாம். "தேவைன்னுதான் சொல்றியா?"ன்னு திரும்பக் கேட்டாராம். அதுக்கும் யெஸ் சார்னேனாம். கதை கட்டறான் தம்பி, ஓடவிட்ட கோபம் இன்னும் போகல அவனுக்கு. போன தை மாசம் ஒரு கல்யாணத்துல பார்த்தேன். பேரப்புள்ள மடியில உக்காந்து அவன் காதுல குசுகுசுன்னு ஏதோ சொல்லுது, அவன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, "அண்ணே, கோவிச்சுக்காதீங்க, காதை ஒரு டாக்டர்கிட்ட காட்டிடுங்க"ங்கிறான். யாருக்குச் சொல்றான் பாருங்க. அவன்தான் காதுல குப்பையை அடைச்சுக்கிட்டுத் திரிஞ்சவன். சாப்பிடாமலே எழுந்து வந்துட்டேன்.

என் காதுக்கு ஒரு குறையும் இல்ல. சொல்லப்போனா மத்தவங்களுக்குக் கேக்காததுகூட எனக்குக் கேக்குது. எங்க வீட்டுப் பின்னால ஒரு முருங்கை மரம் இருந்தது. அதுல சில்வண்டு கூட்டம் தம்பி. ராப்பகலா கீய்ய்யின்னு. பவுனுகிட்ட சொன்னா வண்டே இல்லைங்கிறா. அவளுக்குக் கேக்கல. கடைசியில ஆளைக் கூப்பிட்டு மரத்தையே வெட்டிப் போட்டேன். பவுனு அன்னைக்குச் சாப்பிடல. அவ வச்ச கொம்பு அது, நல்லாக் காய்க்கும். வெட்டியும் போகல சனியன், எங்கயோ செவுத்துக்குள்ள பூந்துக்கிச்சு. இங்ககூட இருக்குது பாருங்க, இந்த ஆஸ்பத்திரி செவுத்துலயும். கேக்குதுல்ல?

கையா? ஆமா, அதைச் சொல்லவே இல்லை. பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா. நான் ஹால்ல டி.வி. பார்த்துக்கிட்டிருந்தேன். கூப்பிட்டிருந்தா ஓடியிருக்க மாட்டேனா தம்பி? விசில் ஊதினா எழுந்து ஓடின உடம்பு இது. ரொம்ப நேரம் கிடந்திருக்கா ஈரத்துல. கடைசியில மாடி வீட்டு அம்மாதான் இறங்கி வந்து தூக்கிச்சு. கத்திக் கத்தித் தொண்டையே கட்டிக்கிச்சுன்னு பவுனு சைகையில காட்டறா. மாடியில இருக்கறவங்களுக்குக் கேட்டுச்சாம், பத்தடியில இருக்கற எனக்குக் கேக்கலையாம். சத்தம் மேலதான் போகும் தம்பி, அதுல என்ன அதிசயம். நான் அப்பவே சொன்னேன், இது தொண்டைக் கோளாறு, சத்தம் நேராப் போகாம மேல போயிடுதுன்னு. மேகலா என்னைப் பார்த்து அழுதுச்சு. ஏன் அழுததுன்னு இன்னும் புரியல.

என்ன தம்பி, தோளைத் தட்டறீங்க? நர்ஸம்மாவா? கூப்பிடுதா? பவுனு போயிருப்பா, அவதான் கதவுகிட்டயே நிக்கிறாளே. என்ன பேரு? கோதண்டமா? கோதண்டம் என் பேரு தம்பி. புருஷன் பேரையும் சேர்த்துப் படிச்சிருக்கும்.

வெறும் கோதண்டம்தானா.

ஏன் எல்லாரும் இந்தப் பக்கமே பார்க்கிறாங்க? பவுனு எதுக்கு வாயைத் திறந்து திறந்து மூடறா? கூப்பிடறாளா? இருங்க, என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லுங்க. சத்தமாவா கூப்பிடறா? ரொம்ப சத்தமாவா? அந்தக் கடைசி பெஞ்சுல தூங்கிக்கிட்டிருந்த பெரியவர்கூட எழுந்து உக்காந்துட்டாரே.

அப்ப தொண்டை நல்லாத்தான் இருக்குது அவளுக்கு.

அன்னைக்கு பாத்ரூம்லயும் இப்படித்தான் கூப்பிட்டிருப்பா. இதே மாதிரி வாயைத் திறந்து. நான் ஹால்ல உக்காந்து செய்தி பார்த்துக்கிட்டிருந்தேன் தம்பி.

ஒண்ணு சொல்லுங்க. மறைக்காம சொல்லுங்க. இந்தச் சில்வண்டு உங்களுக்குக் கேக்குதா? கொஞ்சம்கூடவா இல்ல?

நல்லாக் காய்ச்ச மரம் தம்பி அது.

அந்தப் பையை இப்படிக் குடுங்க. இதோ வர்றேன் பவுனு. வந்துட்டேன். கத்தாத, தொண்டை போயிடப்போவுது.